ஏற்றத்தில் ஹீட்டர் போட்டோம், மாப்ள

என் அன்பு மாப்ள சுருளிக்கு,

போன செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏற்றத்தில் நம் கேரவன் கொதித்து நின்றுவிட்டது. ஓட்டியது நான். பக்கத்தில் உன் பொண்டாட்டி, என் தங்கச்சி ஈஸ்வரி. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதிக் கதை உன் காதில் ஏறாது. "ஹெட் போச்சா மச்சான், ஹெட் போச்சா" என்றே கேட்டுக்கொண்டிருப்பாய்.

ஹெட் போகவில்லை. நீ போனதுதான் போனது.

எதற்கு அந்த வெயிலில் மலை ஏறினாய் என்று கேட்பாய். விற்கப் போனேன், மாப்ள. உன்னிடம் மறைத்துப் பேச எனக்கு என்ன இருக்கிறது? கட்டப்பனைக்காரர் ஒருவர் குமுளி செக்போஸ்ட் பக்கம் வந்து வண்டியைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். விலை படிந்தால் அங்கேயே கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவது என்று கிளம்பினோம்.

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் சின்னமனூர் மண்டியில் வாழைத்தார் சுமந்து, பிறகு வாழைக்காய் வியாபாரத்துக்கு வந்தவன். நீ மார்க்கையன்கோட்டைக்காரன், என் லோடைக் கொச்சிக்கு ஓட்டிப்போன லாரி டிரைவர். முதலில் சிநேகிதம், அப்புறம்தான் சொந்தம். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகும் நான் உன்னை "ஏலே" என்பதை விடவில்லை. நீயும் மரியாதைக்கு ஒரு நாள்கூட எழுந்து நின்றதில்லை.

தேனிப் பக்கம் படம் எடுக்க வந்தவர்கள் ஒரு ஷெட்டில் விட்டுப்போன பழைய கேரவன் அது. நடிகர்கள் ஷாட்டுக்கு நடுவே உள்ளே போய் உட்காருகிற வண்டி. கட்டில், கழுவும் தொட்டி, ஆள் உயரக் கண்ணாடி எல்லாம் இருந்தது. நீ உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே தலையை நீட்டினாய்.

"மச்சான், இது வண்டி இல்ல, வீடு. சக்கரம் இருக்கு, அம்புட்டுத்தான்."

"சரிடா, வீட்டுக்கு வாடகை வருமா?"

"ஏன் வராது? மேகமலை போறவக, மூணாறு போறவக, புள்ளகுட்டியோட தங்கப் போறவக, எல்லாரும் கேப்பாக."

ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். நான் பார்த்தது வாடகையை. நீ பார்த்தது எதை என்று ஈஸ்வரிதான் பிறகு சொன்னாள். "மொத டிரிப்பு உனக்குத்தான். கொச்சிக் கடலுக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துவேன், கதவத் தொறந்தா கடலு" என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். உன் லோடுகள் எல்லாம் பார்த்த கடலை அவள் இன்னும் பார்க்கவில்லை.

முதன்முதலாக உத்தமபாளையம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பங்குனி வெயில். பின்னால் உட்கார்ந்து வந்த ஈஸ்வரி இறங்கும்போது முகமெல்லாம் சிவந்து, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, இதை வாடகைக்கெல்லாம் விடாத. உன் மண்டிக்கு வச்சுக்க. காலையில வாழைக்காய உள்ள வச்சா சாயங்காலம் பழமாயிரும்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாய். "மச்சான், இது நிக்கிறதுக்குச் செஞ்ச வண்டி. நெழல்ல நிறுத்தி, ஜெனரேட்டர் போட்டு, ஏசியப் போட்டு உக்காருவாக. ஓடுறப்ப உள்ள ஆளு இருப்பான்னு செஞ்சவன் நெனைக்கவே இல்ல" என்றாய். மேலே கூரைத் தகடு சுடுகிறது, முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டி சுடுகிறது, நடுவில் மனிதன் வேகிறான். அன்றிலிருந்து ஒரு கோடை முழுக்க நீ அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டினாய்.

கூரைக்கு வெள்ளை அடித்தாய். அடியில் தெர்மோகோல் வைத்துப் பலகை அறைந்தாய். எஞ்சின் பெட்டிக்கு மேல் வெள்ளித்தாளும் அதன்மேல் தடித்த கம்பளியும் போட்டு ரெக்சினில் தைத்தாய். நல்ல கூரையில் ஓட்டை போட்டு, சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேன் வைத்தாய். ஓட்டை போட்ட அன்றைக்கு நான் சத்தம் போட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சூடு போகத்தான் பாக்குது மச்சான். நாமதான் வழிய அடைச்சு வச்சிருக்கோம். உங்க லோடுல நடுவுல சந்து விடுறீகல்ல, அதே கணக்குத்தான்" என்றாய். பச்சைக்காயை நெருக்கி அடுக்கினால் தன் சூட்டிலேயே பழுத்து, கொச்சி சேர்வதற்குள் கூழாகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

கூரைக்கு மேல் ஒரு சாண் விட்டு இன்னொரு கூரை போட வேண்டும் என்றாய். வெயில் மேல் கூரையில் விழும், நடுவில் காற்று ஓடும், உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது என்றாய். முதலில் கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் அதற்கு இரும்புக் குழாயில் சட்டம்கூட அடித்துவிட்டாய். மேலே போட வேண்டியதை வாங்குவதற்குள் படுத்துவிட்டாய். சட்டம் மட்டும் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஹீட்டர். பழைய வண்டிக் கடையில் கிடந்ததைக் கொண்டுவந்து, எஞ்சின் தண்ணீர்க் குழாயோடு சேர்த்து டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தாய்.

"ஏலே, கம்பம் பள்ளத்தாக்குல வண்டிக்கு ஹீட்டர் வச்ச மொத கிறுக்கன் நீதான். சித்திரையில போர்வையும் குடுப்பியா?"

"இது நமக்கில்ல மச்சான், எஞ்சினுக்கு. ஏத்தத்துல அதால தாங்க முடியாமப் போறப்ப, அதோட சூட்டுல கொஞ்சத்த உள்ள இழுத்து நாம வாங்கிக்கிறணும். நாம கொஞ்சம் வெந்தா அது ஏறிரும்."

"காசு குடுத்து வர்றவன் வேகுறதுக்கா வருவான்? கழட்டி எறிடா."

நீ கழட்டவில்லை. அதன் சிவப்புக் குமிழை நான் ஒரு தடவையும் தொட்டதில்லை.

பிறகு உனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நுரையீரல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஈஸ்வரி உள்ளே உன் பக்கத்தில் இருந்தாள். நான் வெளியே மருந்துக்கும் ரத்தத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். கடைசி நாட்களில் உன் கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப்போய், ஒவ்வொரு மூச்சுக்கும் இன்னும் ஒட்டியது. அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் மலையில் நடந்தது விளங்காது.

துக்க வீட்டில் ஒரு பெரிய மனிதர் என் காதில் விழும்படி, "வண்டி முள்ளையே பாத்துக்கிட்டு இருந்த ஆளு, தன் ஒடம்பப் பாக்காம விட்டுட்டாரு" என்றார். அவரைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னேன்: "பாத்தான்யா. ஒரு வேளை மாத்திரை தப்பல. பாத்தும் போயிட்டான். இன்னொருக்க அப்படிச் சொல்லாதீக." செத்தவன்மேல் ஒரு தப்பைப் போட்டுவிட்டால் இருக்கிறவர்களுக்கு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வேண்டாம்.

உன்னை எடுத்துப்போகும்போது கேரவன்தான் முன்னால் போக வேண்டும் என்று நான் சொன்னேன். ஃபிளக்ஸ் கடையில் போய், "கண்ணாடிக்குக் கீழ முகப்பு முழுசும் அவன் மொகம் வரணும். ஒரு இடம் வெளிய தெரியக்கூடாது" என்றேன். உன் மக சடங்கில் வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். நைலான் கயிறு வழுக்கியது. மண்டியிலிருந்து வாழைநார் கொண்டுவரச் சொல்லி, நானே சுற்றிச் சுற்றிக் கட்டினேன். என் கைக்குத் தெரிந்த கட்டு, அவிழாது.

அவிழவும் இல்லை. காரியம் முடிந்தது, பந்தல் பிரித்தாகிவிட்டது, ஆனாலும் ஃபிளக்ஸை யாரும் தொடவில்லை. உன் வீட்டு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. ரோட்டைப் பார்த்து நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். பள்ளிக்கூட வேன் போகும்போது பிள்ளைகள் உனக்குக் கை காட்டினார்கள்.

உன் போன் இன்னும் அடிக்கிறது. ஈஸ்வரி அதற்குத் தினமும் சார்ஜ் போடுகிறாள். கேரவன் வாடகைக்குக் கிடைக்குமா என்று யாராவது கேட்பார்கள். "அவுக இல்ல" என்பாள். "அப்படியா, எப்ப வருவாக?" என்று கேட்பார்கள். "கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவாள். ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். யாரிடம் கேட்டுச் சொல்வாள், மாப்ள?

அதைப் பார்த்துத்தான் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். வியாபாரியாகவும் அதுதான் சரி. ஓடாத வண்டி நாளுக்கு நாள் இரும்பு விலைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். உன் மக காலேஜில் இருக்கிறாள். வருகிறதை வாங்கி ஈஸ்வரி பேரில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு, அவளிடமே கேட்டேன்.

"என்ன ஆத்தா சொல்ற?"

"உன் இஷ்டம்ணே."

"உன் இஷ்டம் என்ன?"

"எனக்கென்ன இஷ்டம். குடுக்கப் போறப்ப நானும் வர்றேன். ஒரு தடவ அதுல மலை ஏறிட்டு வந்துர்றேன்."

கிளம்பும் அன்றைக்கு மண்டியில் ஏலம் இழுத்துவிட்டது. வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! நான் மார்க்கையன்கோட்டை வரும்போதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஃபிளக்ஸை அவிழ்க்கலாம் என்று நாரில் கை வைத்தேன். ஈஸ்வரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கட்டும்ணே. குமுளி வரைக்கும் அவுக முன்னாடி வரட்டும்."

அதற்கு மேல் யார் கை போகும்?

கம்பம், கூடலூர் வரைக்கும் தரை ரோடு, தொந்தரவு இல்லை. அவளுக்கு வேர்க்கிறதே என்று ஏசியைப் போட்டிருந்தேன். சூடு காட்டுகிற முள் கொஞ்சம் மேலே நின்றது, கத்திரி வெயில்தானே என்று விட்டுவிட்டேன். லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவில் வண்டி முனகியது. அடுத்த வளைவில் முள் கிளம்பியது. ஏசியை அணைத்தேன். நிற்கவில்லை. கியரை இறக்கினேன். நிற்கவில்லை. பக்கத்தில் மலைச்சரிவில், பவர்ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்கள் தெரிந்தன. ஒரு ஆறே குளிர்ந்து போய்க் கீழே இறங்குகிறது, நாங்கள் கொதித்துக்கொண்டு மேலே ஏறுகிறோம்.

"அந்தச் செவப்புக் குமிழத் திருப்புண்ணே" என்றாள்.

"அது ஹீட்டரு ஆத்தா."

"தெரியும். திருப்பு."

"வெளிய அனலா அடிக்குது..."

நான் முடிப்பதற்குள் அவளே எட்டித் திருப்பிவிட்டாள். மாப்ள, முகத்தில் அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. கண் எரிந்தது, ஸ்டியரிங் வழுக்கியது. ஆனால் முள் தயங்கியது. சிவப்புக்குப் போக இருந்தது, அப்படியே நின்று யோசித்தது. அந்த யோசனையிலேயே இன்னும் ஒரு வளைவு ஏறி, ஒதுங்க இடம் இருந்த ஒரு திருப்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓரத்து டப்பாவில் கூலன்ட் கொப்பளித்துத் தித்திப்பு வாடை அடித்தது. நீ சொன்னபடி எஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டேன். ஹீட்டரும் ஓடியது.

என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து குதித்துவிட்டேன். அவள் இறங்கவில்லை.

"எறங்கு ஆத்தா, வெந்துருவ."

"அவுக இந்தச் சூட்டுக்குப் பக்கத்துலதானண்ணே இம்புட்டு வருசம் உக்காந்து ஓட்டுனாக" என்றாள். கையை எஞ்சின் பெட்டி மேல், நீ தைத்த ரெக்சின் மேல் வைத்திருந்தாள். முகம் வழிந்துகொண்டிருந்தது.

அப்போது மேலேயிருந்து ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் இறங்கி வந்தது. டிரைவர் நிறுத்தினார்.

"என்னண்ணே, படத்துல இருக்கிறவரு மேல வர மாட்டேங்கிறாரா?"

பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, உள்ள கட்டிலெல்லாம் இருக்கு போல! ஏசி ஓடுதா? செத்த நேரம் உக்காந்துட்டுப் போறோம்."

"ஏசி இல்லத்தா, ஹீட்டரு ஓடுது."

"ஹீட்டரா! யாத்தே, இந்த வெயிலு பத்தலையாக்கும்!"

ஜீப்பே குலுங்கச் சிரித்தது. உள்ளேயிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஈஸ்வரி. நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இறங்கி வண்டிக்கு முன்னால் போனாள். அங்கே சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நானும் போய்ப் பார்த்தேன். எஞ்சின் ஃபேன் காற்றுக்காக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஃபிளக்ஸ் கிரில்லோடு ஒட்டி உள்வாங்கியிருந்தது. உன் கன்னம் இரண்டும் குழிந்து, ஃபேன் இழுக்க இழுக்க இன்னும் குழிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம்.

"அண்ணே, அவுகளுக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சந்துகூட விடாமல் ரேடியேட்டர் வாசலை அடைத்துக் கட்டியிருக்கிறேன். லோடுக்கு நடுவில் காற்றுச் சந்து விட்டு விட்டே பிழைத்தவன் நான். உன்மேல் இருந்த பிரியத்தில், நீ பார்த்துப் பார்த்துக் காப்பாற்றின எஞ்சினின் வாயை உன் முகத்தை வைத்தே பொத்திவிட்டேன். நீ இருந்திருந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்திருப்பாய். "செத்த பெறகும் என்னய வேலை வாங்குறீகளே மச்சான்" என்று சொல்லியிருப்பாய். அந்தச் சிரிப்பு கேட்காத மலையில் நான் நின்றேன், மாப்ள. அதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

முன்மூடியைத் தூக்க வேண்டுமென்றால் ஃபிளக்ஸை எடுக்க வேண்டும். நார் காய்ந்து இறுகிக் கம்பியாகியிருந்தது. நான் கத்தி எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அறுக்காதண்ணே. கிழிஞ்சிரும்."

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் ஒரு கேன் தண்ணீரோடு வந்து, எஞ்சினைக் குளிரவைக்க முகப்பில் ஊற்றப் போனாள். "அய்யோ, அதுமேல ஊத்தாதீக, வெடிச்சிரும்" என்று கத்தினேன். ஈஸ்வரி கேனை வாங்கி, நார்க்கட்டு ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஈரம் பட்டால் நார் இளகும் என்று என் தங்கச்சிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? இரண்டு பேரும் ஒவ்வொரு முடிச்சாக விரலால் அவிழ்த்தோம். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் உன் முகம் தளர்ந்து அவள் மடியில் விழுந்தது. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு அழுதாள். ஜீப் பெண்கள் சிரித்ததை மறந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஜீப் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

முகப்புத் திறந்த கொஞ்ச நேரத்தில் முள் தானாக இறங்கியது. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, மூடியில் துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, நீ வண்டியிலேயே வைத்திருந்த கூலன்டை ஊற்றினேன். எல்லாம் உன் முறைப்படி.

எங்களைக் காணோமே என்று கட்டப்பனைக்காரர் பைக்கில் இறங்கி வந்துவிட்டார். கொதித்த வண்டியைப் பார்த்தால் விலையைக் குறைப்பாரே என்று எனக்கு உள்ளே கணக்கு ஓடியது. அவர் எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே அந்த வெயில், முன்னால் அந்தக் கொதிப்பு, அவர் கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

"உள்ளே தணுப்பா இருக்கே சேட்டா! யாரு செஞ்சது?"

"எங்க மாப்ள."

"எஞ்சின் எனக்கு வேண்டா. ஏலத்தோட்டத்துல ஒரு எடம் இருக்கு. சக்கரத்தக் கழட்டி அங்க நிறுத்திருவேன். டூரிஸ்ட் வந்து தங்குவாங்க. இந்த உள்பக்கம் மதி, அது போதும்."

எனக்குச் சந்தோஷம். கொதித்த எஞ்சினுக்கு விலை குறையப்போவதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கை மேல் போட்டு நீட்டினேன். மாட்டுச் சந்தையில் பழகிய பழக்கம், நாலு பேருக்கு நடுவில் விலையைத் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் நான் பேசுவேன். அவரும் ஏலக்காய் வியாபாரி, இந்த முறை தெரிந்தவர். என் விரலைப் பிடித்தார். நான் நினைத்ததற்கு மேலேயே பிடித்தார். சம்மதம் என்று அழுத்த வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

துண்டுக்குள் இன்னொரு கை வந்தது. வளையல் போட்ட கை.

பொம்பளை கை துண்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. கட்டப்பனைக்காரர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். ஈஸ்வரி என் விரலைப் பிடித்திருந்தாள்.

"நிக்கிறதுக்காண்ணே அவுக இதச் செஞ்சாக?"

விரலை இழுத்துப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"நிக்கிற வண்டியத்தானே வாங்குனீக. அத ஓடுறப்ப உள்ள ஆளு இருக்கிற மாதிரி ஆக்கத்தானே அவுக அம்புட்டுப் பாடுபட்டாக? இப்பச் சக்கரத்தக் கழட்டிக் குடுக்கிறியே."

"ஆத்தா, வியாபாரத்துல..."

"வியாபாரந்தான் பேசுறேன். ரெண்டு குடும்பம் வாடகைக்குக் கேட்டு மறுபடி மறுபடி போன் பண்றாக. எப்ப வருவாகன்னு கேக்குறவககிட்ட இனிமே தேதி சொல்றேன்."

"யாரு ஓட்டுறது?"

"மொதல்ல நீ. பெறகு நான். உத்தமபாளையத்துல ஓட்டச் சொல்லிக்குடுக்கிற எடம் இருக்குல்ல?"

"நீயா மலை ஏத்துவ?"

"இன்னைக்குக் குமிழத் திருப்புனது யாரு?"

கட்டப்பனைக்காரர் சிரித்துவிட்டார். "சேச்சிகிட்ட வியாபாரம் பேச எனக்குப் பயமா இருக்கு. நல்ல வண்டியாணு. விக்கண்டா, நீங்களே வச்சுக்கோங்க" என்று பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகும் எங்கள் கை துண்டுக்குள்ளேதான் இருந்தது. என் வியாபாரத்தில் எத்தனையோ பேர் விரலைப் பிடித்திருக்கிறேன், இவ்வளவு கெட்டியாக யாரும் பிடித்ததில்லை. தன் பக்கத்துப் பேச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலைப் பிடித்து அழுத்தினாள். நானும் விட்டுக்கொடுக்காமல்தான் பேசினேன்.

பேசி முடித்து, மீதி மலையையும் ஏறினோம். முகப்பில் ஒன்றும் இல்லாத வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. குமுளியில் டீ குடித்தோம். உன் படம் மடித்து அவள் மடியில் இருந்தது.

ஊருக்கு வந்ததும் அவள் அதை விரித்து, வண்டிக்கு மேலே நீ அடித்துவைத்த சட்டத்தில் வைத்து அளந்து பார்த்தாள். கொஞ்சம் குறைகிறது, ஓரத்தில் ஒரு துண்டு சேர்த்துத் தைக்க வேண்டும். வெள்ளை முதுகு வெயிலைப் பார்த்து, உன் முகம் கீழே கட்டிலைப் பார்த்து. நடுவில் ஒரு சாண் காற்று. ஃபிளக்ஸ்தானே, இரண்டு கோடை தாங்குமா என்பது சந்தேகம்தான். உரிந்துபோனால் வேறு போட்டுக்கொள்வோம். அதுவரைக்கும் உள்ளே படுத்திருக்கிறவளுக்கு நிழல் நீதான்.

துண்டுக்கடியில் பேசியதை வெளியே சொல்கிற வழக்கம் இல்லை. நீ பாதிப் பங்காளி, உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊரும் கேட்டுக்கொள்ளட்டும். மீறமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துத்தான் எழுதுகிறேன்.

வண்டி விற்பனைக்கு இல்லை. நிறுத்தி வைத்துச் சம்பாதிக்கவும் கொடுப்பதில்லை. பாதி என்னுடையது, உன் பாதி ஈஸ்வரியுடையது. உன் மக படிப்பு முடிகிறவரைக்கும் என் பாதியில் வருவதும் அந்த வீட்டுக்கே. இதற்கு அவள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை, இந்த ஒன்றில் நான் ஜெயித்தேன். முகப்பில் இனி மாலையும் கட்டுவதில்லை, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றும் கட்டுவதில்லை. நானே வாழைக்காய் வியாபாரியாக இருந்தாலும் சரி. வெயிலுக்கு முன்னால் மலை ஏறிவிட வேண்டும். முதல் டிரிப் வாடகைக்கு இல்லை, கொச்சிக் கடலுக்கு, தாயும் மகளும், ஓட்டுவது நான். ஹீட்டரைக் கழட்டுகிற பேச்சே கூடாது.

கடைசியாக அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துச் சொன்னது இது: ஏற்றத்தில் ஹீட்டர் போட்டால் கதவைத் திறந்து இறங்கி நிற்கக்கூடாது, சூடு இறங்குகிறவரைக்கும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். சம்மதம் என்று அழுத்திவிட்டேன்.

உன் ஈஸ்வரிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன், உனக்கு என்றும் மச்சான்,
தங்கவேல்